மாடப்புறா: பெயரிலேயே மாடி இருக்கிறது

இதைப் படிக்கும் நேரத்தில் உங்கள் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு குமுறல் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கலாம். பால்கனிக்கு வலை கட்ட எவ்வளவு ஆகும் என்று நம்மை விசாரிக்க வைத்த அதே பறவைதான். விரட்டுவதற்கு முன் அதன் பெயரை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: மாடப்புறா.

மற்ற புறாக்களுக்குப் பெயர் வந்த வழி வேறு. தவிட்டு நிறமானால் தவிட்டுப்புறா, பச்சையானால் பச்சைப்புறா. நம் மாநிலப் பறவை மரகதப்புறா. இந்த ஒன்றுக்குத்தான் கட்டடத்தின் பெயர். மாடம் என்றால் அடுக்கு வைத்துக் கட்டிய உயர்ந்த வீடு. நாம் தினமும் ஏறி இறங்கும் மாடியும் அதே சொற்குடும்பம்தான். பழைய வீடுகளில் சுவரில் விளக்கு வைக்க விட்ட குழிக்கும் மாடம் என்றே பெயர். உயரம் வேண்டும், ஒதுங்க ஒரு குழி வேண்டும். புறா தேடுவது இந்த இரண்டையும்தான்.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. சங்க இலக்கியத்தில் புறாவுக்குப் புறவு என்று பெயர். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் மழைக்காலத்து நகரம் ஒன்று வருகிறது. அங்கே வீட்டில் வாழும் செங்கால் ஆண்புறா, துணையோடு இரை தேடப் போக முடியாமல், பகலா இரவா என்றே தெரியாமல், மாளிகையின் கொடுங்கையைத் தாங்கும் கட்டையில் முடங்கிக் கிடக்கிறது. நம் சன்ஷேடில் மழைக்கு ஒதுங்கும் புறாவை அப்படியே பார்த்து எழுதியது போல இருக்கும்!

அதற்கு இன்னொரு பழம்பெயரும் உண்டு: தூதுணம் புறவு. கடிதம் கொண்டுபோகும் புறா என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இங்கே தூது என்பதற்கு உரையாசிரியர்கள் சொல்லும் பொருள் சிறு கல். உண்மையிலேயே புறா பொடிக்கல்லை விழுங்கும். பல் இல்லாத பறவைக்கு, வயிற்றில் தானியத்தை அரைக்க அந்தக் கல் உதவுகிறது. பெயர் வைத்தவர் அது மேய்வதைக் குனிந்து பார்த்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது கொடுங்கை விஷயம். கோயில் சுவருக்கு மேலே வளைந்து வெளியே நீளும் கூரை விளிம்பைத்தான் கொடுங்கை என்கிறோம். சிற்ப நூல்களில் அதற்குக் கபோதம், கபோதகம் என்று பெயர். வடமொழியில் கபோதம் என்றால் புறா! மாடத்திலிருந்து புறாவுக்குப் பெயர் வந்தது. புறாவிடமிருந்து கட்டடத்தின் ஒரு உறுப்புக்கே பெயர் போனது. மாமல்லபுரத்து ரதங்களுக்கு அடுத்த முறை போனால் அண்ணாந்து பாருங்கள். அந்தக் கபோதத்தில் வரிசையாகக் குதிரை லாட வடிவில் வளைவுகள் இருக்கும், உள்ளே சிறு முகங்கள் எட்டிப் பார்க்கும். அந்த வளைவுக்குப் பெயர் கூடு.

மேல்நாட்டார் இதே பறவையைப் பாறைப்புறா என்கிறார்கள். கொலம்பா லிவியா என்ற அறிவியல் பெயர் 1789இல் க்மெலின் வைத்தது. லிவியா என்பது நீலச்சாம்பல் நிறத்தைக் குறிக்கும். காட்டில் இது மலைப்பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் முட்டையிடும் இனம். அதன் கண்ணுக்கு நம் எட்டு மாடி பிளாக்கும் ஒரு பாறைதான், வசதியான இடுக்குகள் நிறைய உள்ள பாறை.

இதற்காக எல்லோரும் பால்கனியில் அரிசி தூவ வேண்டும் என்று சொல்லவில்லை. தயவுசெய்து தூவாதீர்கள். காய்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து ஊறவைத்த பிறகே சுரண்டுங்கள். வலையும் கட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று: வலைக்காரரைக் கூப்பிடும் முன் யூனிட்டுக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். நாலு குச்சிதான் கூடு, பெரும்பாலும் இரண்டு வெள்ளை முட்டை. பொரிக்கப் பதினெட்டு நாள் ஆகும், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதம் போல. அதற்குள் வலை கட்டிவிட்டால் தாய் வெளியே, குஞ்சு உள்ளே. பிறகு நாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். முட்டை கிடந்தால் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு ஏழு வாரம் கழித்து ஆளை வரச் சொல்லுங்கள்.