பணிமனையில் தேங்கும் கார்: தாமதத்தைத் தட்டிக்கேட்க என்ன வழி?

அங் மோ கியோ தொழிற்பேட்டை 2ஏ-யில் உள்ள ‘ஆட்டோபாயின்ட்’ கட்டடத்திலும் பக்கத்து வட்டாரமான சின் மிங்கிலும் வாகனப் பழுதுபார்ப்புப் பணிமனைகள் வரிசையாக இயங்குகின்றன. காலையில் காரை விட்டுவிட்டு மாலையில் எடுத்துச் செல்வோர் பலர். ஆனால், “இரண்டு நாளில் முடிந்துவிடும்” என்று விற்பனை நிறுவனம் சொன்ன வேலை இரண்டு வாரம், இரண்டு மாதம் என்று இழுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தொலைபேசியில் அழைத்தால், “உதிரிபாகம் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் பாருங்கள்” என்ற பதிலே திரும்பத் திரும்பக் கிடைக்கும்.

இத்தகைய தாமதத்தைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதற்காகக் கார் பணிமனைக்குப் போனது, யார் பொறுப்பு, எழுத்தில் என்ன இருக்கிறது ஆகிய மூன்றும் தெளிவாக இருந்தால் வழக்கறிஞர் இல்லாமலேயே பெரும்பாலான பிரச்சினைகளைத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் நின்றால் என்ன இழப்பு?

சிங்கப்பூரில் கார் ஓடாமல் நின்றாலும் வாகன உரிமைச் சான்றிதழின் பத்தாண்டுக் காலம் கரைந்துகொண்டே இருக்கும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவுச் சான்றிதழ்க் கட்டணம் 106,000 வெள்ளியை எட்டியது. அதைப் பத்தாண்டுகளின் நாள்களுக்குப் பகிர்ந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 வெள்ளி ஆகிறது. அந்த விலையில் சான்றிதழ் பெற்ற கார் ஒரு மாதம் பணிமனையில் நின்றால், சான்றிதழில் மட்டும் ஏறத்தாழ 870 வெள்ளி வீணாகிறது. காப்புறுதி, வங்கித் தவணை, டாக்சிச் செலவு எல்லாம் தனி.

தாயாரை ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை அழைத்துச் செல்லும் மகனுக்கு இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. பின்னர் சொல்லப்படுவதுபோல, அந்தத் தேவையும் சட்டத்தின் பார்வையில் பொருட்படுத்தத்தக்கதே.

முதலில் கேட்க வேண்டியது: யார் பொறுப்பு?

கார் பணிமனைக்குப் போகும் காரணத்தைப் பொறுத்துப் பொறுப்பாளர் மாறுவார். தவறான ஆளிடம் மாதக்கணக்கில் மன்றாடுவதே பலருடைய நேரம் வீணாகக் காரணம்.

* அண்மையில் வாங்கிய காரில் குறை இருந்தால், விற்றவரே பொறுப்பு. பழுதுபார்ப்பவர் வேறொரு பணிமனையாக இருந்தாலும் கேள்வியை விற்றவரிடமே கேட்க வேண்டும்.
* உத்தரவாதக் காலத்தில் ஏற்படும் பழுதுக்கு, உத்தரவாதம் அளித்த நிறுவனமே பொறுப்பு. அதிகாரபூர்வ முகவரிடம் வாங்காமல் தனிப்பட்ட இறக்குமதியாளரிடம் வாங்கியிருந்தால், உத்தரவாதத்தை யார் அளித்தார்கள் என்பதை ஆவணத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது.
* கட்டணம் செலுத்திச் செய்யும் பழுதுபார்ப்புக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட பணிமனையே பொறுப்பு.
* விபத்துக்குப் பிந்திய பழுதுபார்ப்பில் காப்புறுதி நிறுவனத்துக்கும் பங்குண்டு. அதன் ஒப்புதல் வராமல் வேலை தொடங்காது.

குறைபாடுள்ள பொருள்களுக்கான சட்டம்

‘லெமன் சட்டம்’ என்று பரவலாக அறியப்படும் விதிகள் 2012 செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டத்தில் இவை சேர்க்கப்பட்டுள்ளன. புதிய காருக்கும் பழைய காருக்கும் இவை பொருந்தும்.

கார் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் கருதும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் கடமை. ஆறு மாதம் கடந்தால், குறை முன்பே இருந்தது என்பதை வாங்கியவர் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

தாமதத்தைப் பொறுத்தவரை முக்கியமான பகுதி இதுதான்: பழுதுபார்த்துத் தருவதாக விற்றவர் ஏற்றுக்கொண்டால், அதை நியாயமான காலத்துக்குள், வாங்கியவருக்குப் பெரிய அசௌகரியம் ஏற்படாமல் செய்துமுடிக்க வேண்டும். கூலி, பொருள் உள்ளிட்ட தேவையான செலவுகளையும் அவரே ஏற்க வேண்டும். அப்படிச் செய்யத் தவறினால், வாங்கியவர் விலைக்குறைப்பு கேட்கலாம். அல்லது காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். பணத்தைத் திருப்பித் தரும்போது, அதுவரை காரைப் பயன்படுத்தியதற்கு ஒரு தொகை கழிக்கப்படலாம்.

நியாயமான காலம் என்றால் எத்தனை நாள் என்று சட்டம் எண்ணிக்கை சொல்லவில்லை. பொருளின் தன்மையையும் அது எந்த நோக்கத்துக்காக வாங்கப்பட்டது என்பதையும் வைத்தே அது முடிவு செய்யப்படும். எனவே, முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவோ அதிகாலை வேலைக்குச் செல்லவோ கார் தேவைப்படுகிறது என்றால், அதை விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து வைப்பது பயன் தரும்.

சில வரம்புகளும் உண்டு. வாங்கும்போதே சுட்டிக்காட்டப்பட்ட குறைக்கும் வழக்கமான தேய்மானத்துக்கும் இச்சட்டம் பொருந்தாது. தனிநபர் ஒருவர் மற்றொரு தனிநபரிடம் நேரடியாக விற்ற காருக்கும், தொழிலுக்காக வாங்கிய காருக்கும், வாடகைக்கு எடுத்த காருக்கும் பொருந்தாது. வாடகை காரை ஓட்டும் தனியார் வாடகை கார் ஓட்டுநர்கள், பழுது நாள்களில் வாடகை உண்டா, மாற்றுக் கார் கிடைக்குமா என்பதை வாடகை ஒப்பந்தத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உத்தரவாதம் போய்விடுமா?

தாமதம் தாங்காமல் வேறு பணிமனைக்குப் போக நினைக்கும் பலரைத் தடுப்பது, உத்தரவாதம் செல்லாமல் போய்விடும் என்ற அச்சம். முன்பு இந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. முகவரின் அங்கீகாரம் பெற்ற பணிமனைகளில் மட்டுமே பராமரிக்க வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பல கார் நிறுவனங்கள் நிபந்தனை விதித்திருந்தன.

இதைச் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை ஆணையம் ஆராய்ந்தது. அதன் தலையீட்டைத் தொடர்ந்து, முக்கிய கார் விற்பனை நிறுவனங்கள் அந்த நிபந்தனையை நீக்கியதாக 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆணையமே 2018 ஏப்ரல் முதல் பயனீட்டாளர் பாதுகாப்பையும் சேர்த்துக் கவனித்து வருகிறது. வெளிப் பணிமனையில் செய்த வேலையே பழுதுக்குக் காரணம் என்றால் மட்டும் நிறுவனம் உத்தரவாதக் கோரிக்கையை மறுக்கலாம்.

இதன்படி, வழக்கமான பராமரிப்பை அங் மோ கியோ பணிமனை ஒன்றில் செய்துகொள்ளலாம். ஆனால், உத்தரவாதத்தின்கீழ் இலவசமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு உத்தரவாதம் அளித்தவரிடமே போக வேண்டும். பராமரிப்புச் செலவுச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

உண்மையான தாமதமா, அலட்சியமா?

எல்லாத் தாமதமும் அலட்சியத்தால் வருவதில்லை. தக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் உலகெங்கும் திரும்பப்பெறப்பட்டபோது, மாற்றுப் பாகங்களுக்குப் பல நாடுகளில் உரிமையாளர்கள் நீண்டகாலம் காத்திருந்தனர். அரிதான மாடல்களுக்கான கியர்ப்பெட்டி, கட்டுப்பாட்டுக் கருவி போன்றவை வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருக்கும்.

வேறுபாட்டைக் கண்டறிய மூன்று கேள்விகள் போதும். எந்தப் பாகம்? எந்தத் தேதியில் தருவிக்கச் சொல்லப்பட்டது? எந்தத் தேதியில் வந்துசேரும்? முறையாகத் தருவிக்கச் சொன்ன நிறுவனத்தால் இவற்றுக்கு ஆவணத்துடன் பதில் தர முடியும். பதில் ஒவ்வொரு முறையும் மாறினால், அடுத்த கட்டத்துக்குச் செல்லும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

வாய்ப்பேச்சு போதாது

முகப்பில் ஒருவர், தொலைபேசியில் மற்றொருவர், கார் அடியில் வேலை பார்ப்பவர் இன்னொருவர் என்று இருக்கும் இடத்தில், வாய்வழி வாக்குறுதிக்குப் பிற்பாடு சாட்சி கிடைக்காது. காரை ஒப்படைக்கும்போதே ஓடிய தூரத்தையும் காரின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. வேலைச் சீட்டில் பழுதின் விவரம், மதிப்பிட்ட தொகை, முடியும் தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தொலைபேசியில் பேசிய அன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ சுருக்கமாக எழுதி அனுப்பிவிட வேண்டும். அதில் நான்கு செய்திகள் போதும்: கார் ஒப்படைக்கப்பட்ட தேதி, முடியும் என்று சொல்லப்பட்ட தேதி, தாமதத்தால் ஏற்படும் சிரமம், வேலை முடிய உரிமையாளர் தரும் புதிய கெடு. அந்தக் கெடு நடைமுறைக்கு ஒத்துவருவதாக இருக்க வேண்டும். இயலாவிட்டால், காரணத்தையும் பாகம் வரும் தேதியையும் எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். கோபச் சொற்களைத் தவிர்ப்பது நல்லது; பிற்பாடு அதே செய்தியை நடுவர் ஒருவர் படிக்க நேரலாம்.

மாற்றுக் கார் தரும்படியும் கேட்கலாம். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும், கேட்டால் தரும் நிறுவனங்கள் உண்டு. மறுத்தால், டாக்சி, வாடகை காருக்கான ரசீதுகளைச் சேர்த்துவைக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

வங்கித் தவணையை நிறுத்தக்கூடாது. கடன் ஒப்பந்தம் நிதி நிறுவனத்துடன் செய்யப்பட்டது. தவணை தவறினால் கார் பறிமுதலாகும் அபாயம் உண்டு.

செய்த வேலைக்குப் பணம் தராமல் காரை எடுத்துச் செல்ல முயல்வதும் சிக்கலைப் பெரிதாக்கும். கட்டணம் கிடைக்கும்வரை காரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் பணிமனைக்கு உரிமை உண்டு. கட்டணத்தில் உடன்பாடு இல்லையென்றால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு, பிறகு பணத்தைக் கோரலாம். முன்பே ஒப்புதல் பெறாமல் மதிப்பீட்டைவிட மிக அதிகமாகக் கட்டணம் வசூலிப்பது, பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற செயல்.

கார் பணிமனையில் இருக்கும்போதே கட்டாயச் சோதனைத் தேதி வந்துவிடுவதும் உண்டு. மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் சோதனை உண்டு. சோதனையும் காப்புறுதியும் இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. அந்தத் தேதியையும் பணிமனைக்கு எழுத்தில் நினைவூட்ட வேண்டும்.

விபத்துக்குள்ளான கார்

விபத்து நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். பழுதுபார்ப்பு தாமதமானால், ஒப்புதல் எந்தத் தேதியில் கேட்கப்பட்டது, எப்போது கிடைத்தது என்று பணிமனையிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் தனித்தனியே கேட்பது நல்லது. தாமதம் யார் பக்கம் என்பது அப்போதே தெரிந்துவிடும். தவறு எதிர்த்தரப்பினருடையது என்றால், கார் இல்லாத நாள்களுக்கான இழப்பீட்டையும் அவரது காப்புறுதி நிறுவனத்திடம் கோரலாம்.

பேச்சு பலிக்காவிட்டால்

முதலில் சேவைப் பிரிவு மேலாளர், பிறகு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் என்று எழுத்தில் புகார் செய்ய வேண்டும். அதற்கும் பலன் இல்லையென்றால், 1971ல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ அமைப்பை நாடலாம். அது ஆலோசனை வழங்கும், இரு தரப்பையும் சமரசப் பேச்சுக்கு அழைக்கும். ஆனால், தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

அதிகாரம் உள்ள இடம், 1985ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அங்கு 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைத் தாக்கல் செய்யலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. பிரச்சினை எழுந்து ஈராண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் வாதாட முடியாது என்பதால் பெரிய நிறுவனமும் தனிநபரும் ஒரே நிலையில் நிற்பர். பயனீட்டாளருக்கான தாக்கல் கட்டணம் 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு 10 வெள்ளி. 10,000 வெள்ளி வரை 20 வெள்ளி. அதற்கு மேல் கோரும் தொகையில் ஒரு விழுக்காடு.

தாக்கல் இணையம்வழி நடைபெறுகிறது. முதலில் சமரசத்துக்கு முயற்சி நடக்கும். முடியாவிட்டால் நடுவர் விசாரிப்பார். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். மனவேதனைக்கு அங்கே தொகை எதிர்பார்க்க இயலாது. வேலைச் சீட்டு, வாட்ஸ்அப் செய்திகள், டாக்சி ரசீதுகள், வேறு பணிமனை தந்த மதிப்பீடு ஆகியவையே பேசும்.

இவற்றைச் சேர்க்கும் வேலை பிரச்சினை முற்றிய பிறகு தொடங்கினால் பாதி ஆவணம் கிடைக்காது. காரின் சாவியை முகப்பில் கொடுக்கும் அந்த முதல் நாளிலேயே, முடியும் தேதியை வேலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.