இங்கிருந்து போனவை: நாறும் பூ மரம்

ஆதிச்சநல்லூர் பரம்பை 1876-ல் தோண்டிய ஜெர்மானியர் ஜாகோர், கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்கு ஏற்றிக்கொண்டு போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கொற்கை முத்து ரோமாபுரி போனது அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்திய சங்கதி. நம்மிடம் இருப்பது கப்பலேறும், அதன் பெருமை கரைக்கு அந்தப் பக்கம் எழுதப்படும் என்பது தாமிரபரணிக் கரைக்குப் பழகிப்போன விஷயம். இந்த வாரம் முத்தையும் தாழியையும் விட்டுவிட்டு மருந்துக்கு வருவோம்.

தூத்துக்குடியில் மூலிகை ஏற்றுமதி செய்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் நிலாவரையைத்தான் சொல்வார்கள். பேதி மருந்துக்கான இந்த இலைக்கு பிரிட்டிஷ் மருந்து நூலிலேயே திருநெல்வேலியின் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த பெயர் நித்யகல்யாணி. மடகாஸ்கரிலிருந்து வந்து, சுடுகாட்டு ஓரங்களில் மண்டியதால் வீட்டுப் பூஜைக்கு ஆகாது என்று பலர் ஒதுக்கிய செடி. மானாவாரி நிலத்தில் அதிகம் தண்ணீர் கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது. இலைக்கு ஒரு விலை, வேருக்கு ஒரு விலை.

இந்தச் செடிக்கு விலை வந்ததற்குக் காரணம் கனடாவில் இருக்கிறது. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 1952-ல் அங்கிருந்து கொஞ்சம் இலை கனடா போய்ச் சேர்ந்தது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை; வெள்ளையணுக்கள் சரசரவென்று இறங்கின. வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? 1958-க்குள் வின்பிளாஸ்டின் தனியே பிரிந்து வந்தது. எலி லில்லி கம்பெனி கண்டெடுத்த வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதுதான் முன்வரிசை மருந்துகளில் ஒன்று. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு அரை டன்னுக்கு மேல் காய்ந்த இலை வேண்டும். நம் ஊர் மூட்டைகள் கப்பலேறியதன் கணக்கு இதுதான். (தொட்டியில் பூத்திருக்கிறதே என்று யாரும் கஷாயம் வைத்துவிட வேண்டாம். நரம்பைக் கெடுக்கும் நஞ்சு அது.)

ஆனால் வின்கிரிஸ்டின் டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகளைத்தான் அது குலைக்கிறது. டி.என்.ஏ.விலேயே கைவைக்கும் பொருள் ஒன்று, பொருநை பிறக்கும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மரத்துக்குள் இருந்தது. அதைக் கண்டு சொன்னவர் நம்மவர். கவனிக்கப்படாமல் போன கதை என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டி. ஆர். கோவிந்தாச்சாரி, 1915-ல் பிறந்தவர். அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸிடம் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தார். செடிகொடிகளில் இருக்கும் ஆல்கலாய்டுகளைப் பிரித்து, அவற்றின் அமைப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. வேதியியலுக்கான பட்நாகர் விருது 1960-ல் அவருக்குக் கிடைத்தது. 1963-ல் பம்பாய் போய் சீபா ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் ஆனார். அங்கே அவரும் என். விஸ்வநாதனும் கையில் எடுத்த மரங்களில் ஒன்று மாப்பியா ஃபீட்டிடா. இன்றைய தாவரவியல் பெயர் நோத்தாபோடைட்டிஸ் நிம்மோனியானா. மராத்தியில் நர்க்யா என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் சிறு மரம். பூ நாறும், கிட்டப் போக முடியாது. டி.என்.ஏ.வில் கைவைக்கும் அந்தப் பொருளான கேம்ப்டோதெசின் அந்த மரத்தில் இருப்பதை 1972-ல் இருவரும் வெளியிட்டார்கள்.

பொருள் புதியதல்ல. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1966-ல், அமெரிக்காவின் வட கரோலினாவில் மன்றோ வாலும் மன்சுக் வானியும் அதைப் பிரித்து, அமைப்பையும் சொல்லியிருந்தார்கள். வானி மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் பிறந்தவர். அவர்கள் எடுத்துக்கொண்டது கலிபோர்னியாவில் வளர்த்த ஒரு சீன மரம். அதில் கிடைத்தது சொற்பம். நம் மலை மரத்திலோ அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தது. ஆல்கலாய்டுக் கணக்கில் அது பெரும் புதையல். ஆனால் புதையல் கிடைத்த நேரம் சரியில்லை. மேற்கே கேம்ப்டோதெசினைக் கைகழுவியதும் அதே 1972-ல்தான்.

கைகழுவக் காரணம் இருந்தது. கேம்ப்டோதெசின் தண்ணீரில் கரையாது. புற்றுநோயாளிகளின் நரம்பில் ஏற்றிச் சோதிப்பதற்காக அதைச் சோடியம் உப்பாக்கினார்கள். உப்பாக்கும்போது மூலக்கூறில் ஒரு வளையம் திறந்துகொள்ளும், வீரியம் போய்விடும். சிறுநீர்ப்பைக்குப் போனதும், அங்குள்ள அமிலத்தில் அந்த வளையம் மறுபடி மூடிக்கொள்ளும். ஆக, கட்டிக்கு வேண்டிய விஷம் கட்டியில் வேலை செய்யாமல் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியது. சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் அதன் அருமை புரிந்தது. தோணித்துறையில் வடக்கயிற்றின் புரிகளை நடுவில் பிடித்து வலிந்து பிரித்துப் பாருங்கள். பிரித்த இடத்துக்கு முன்னால் முறுக்கு ஏறி, கயிறு சுருண்டுகொள்ளும். செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க இரு புரிகளைப் பிரிக்கும்போதும் இதே சிக்கல். அதைத் தீர்க்கவே டோபோஐசோமரேஸ்-1 என்றொரு நொதி இருக்கிறது. ஒரு புரியை மட்டும் வெட்டும், முறுக்கைத் தளரவிடும், மறுபடி ஒட்டிவிடும். வெட்டிய அந்தக் கணத்தில் கேம்ப்டோதெசின் இடுக்கில் போய்ச் செருகிக்கொள்கிறது. நொதியால் ஒட்டவும் முடியாது, விலகவும் முடியாது. நகலெடுத்துக்கொண்டு வரும் இயந்திரம் அதன்மேல் மோத, ஒற்றைப் புரி வெட்டு இரட்டைப் புரி முறிவாகிறது. செல் சாகிறது. ஓயாமல் பெருகும் செல்லில் நகலெடுப்பு அதிகம், அதனால் சாவும் அதிகம். அமெரிக்காவில் லீராய் லியுவின் குழு 1985-ல் இதை வெளியிட்டதும், குப்பைக்கூடைக்குப் போன பொருளைத் தேடி எல்லோரும் ஓடினார்கள். கரையும்படி மாற்றியமைத்து இரினோடெகான், டோபோடெகான் என்று இரண்டு மருந்துகள் வந்தன. இரண்டுக்கும் அமெரிக்க அனுமதி 1996-ல். பெருங்குடல் புற்றுநோய்க்கு முதலாவது, சினைப்பைப் புற்றுநோய்க்கு இரண்டாவது. இரினோடெகானை உருவாக்கியது ஜப்பானின் யாகுல்ட். குட்டி பாட்டிலில் புளித்த பால் விற்கிறதே, அதே கம்பெனி!

அசல் கேம்ப்டோதெசின் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டது. செல்களை வேண்டுமென்றே சாகடித்து, தங்கள் சோதனை முறை சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆராய்ச்சி மாணவர்கள் இன்றும் அதை மில்லிகிராம் கணக்கில் வாங்குகிறார்கள்.

மருந்துக்குக் கிராக்கி வந்ததும் மலையில் கோடரி விழுந்தது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் நர்க்யாவை வெட்டிச் சீவல் சீவலாக விற்றார்கள். வேரில் சத்து கூடுதல் என்பதால் வேரையும் விடவில்லை. தென்னிந்தியாவின் அருகிவரும் மூலிகைப் பட்டியலில் அந்த மரம் சேர்ந்துவிட்டது. 2005-ல் ஜம்மு ஆய்வுக்கூடம் ஒன்று, மரத்துக்குள் வாழும் ஒரு பூஞ்சையே கேம்ப்டோதெசினைச் செய்கிறது என்று சொன்னபோது, இனி வெட்ட வேண்டாம் என்ற நம்பிக்கை பிறந்தது. மரத்துக்கு ஈடாகப் பூஞ்சை இன்னும் வரவில்லை.

கோவிந்தாச்சாரி பிற்காலத்தில் சென்னையில் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் வேப்பங்கொட்டையை ஆராய்ந்தார். ஸ்பிக்கின் உரத் தொழிற்சாலை தூத்துக்குடியில் இருப்பது வாசகர்களுக்குத் தெரியும். 2001-ல் அவர் காலமானார். அவர் பெயர் மாநிலக் கல்லூரிக்கு வெளியேயும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நித்யகல்யாணிக்கு எத்தனை டன் கிராக்கி வந்தாலும் அந்தச் செடி அழியவில்லை, ஏனென்றால் நெல்லை, தூத்துக்குடி விவசாயிகள் அதை வயலில் விதைத்தார்கள். நாறும் பூ மரத்தையும் தோப்பில் வளர்த்து, கிளையைக் கழித்து விற்கும் நிலைமைக்குக் கொண்டுவந்தால்தான் காட்டில் அது மிஞ்சும். வனத்துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் நாற்றங்காலை அடிவாரத்து ஊர்களில் போட வேண்டும். கன்று கைக்கு வந்தால் வளர்க்க ஆள் உண்டு.

(தொடரும்)