றொஹான் டி சேரம்: மேதைப் பிள்ளை வளர்ந்த பிறகு

சின்னப் பிள்ளை ஒன்று பியானோவில் விரல் பறக்க வாசிக்கிற வீடியோ மாதத்துக்கு ஒன்றாவது எங்கட போனுக்கு வந்துவிடும். சென்னையின் லிடியன் நாதஸ்வரம் 2019இல் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' என்ற அமெரிக்க நிகழ்ச்சியில் 10 லட்சம் டொலர் வென்றபோது அவருக்கு வயது 13. உச்சமுனையில் சிக்னல் பிடிக்கிற இடம் பார்த்து நின்று அதை நாங்களும் பார்த்தோம், ஷெயாரும் பண்ணினோம். அதுக்குப் பிறகுதான் யோசனை வந்தது. இப்படியான பிள்ளைகள் நாற்பது வயதில், அறுபது வயதில் என்ன செய்கிறார்கள்?

இலங்கையிலேயே இதற்கு ஒரு முழு வாழ்க்கை உதாரணமாக இருக்கிறது. வாத்தியம் பியானோ இல்லை, செலோ. வயலினின் பெரிய உடன்பிறப்பு என்று வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிப்பது. வாசித்தவர் றொஹான் டி சேரம். பியானோ அவருடைய சகோதரர் துருவி டி சேரத்துடையது.

றொஹான் 1939இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். 11 வயதில் இத்தாலிக்குப் போய் கஸ்பார் கசாடோ என்ற பெரிய வித்துவானிடம் படித்தார். 1950இல் ஒரு பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிப் படிப்பிக்க இலங்கையில் எத்தனை குடும்பத்தால் முடிந்திருக்கும்? திறமை எல்லாக் கரையிலும் பிறக்கும். செலோ எல்லாக் கரைக்கும் வருவதில்லை. இதைச் சொல்லாமல் அவருடைய கதையை வெறும் அதிசயமாகச் சொல்வது சரியில்லை என்று நினைக்கிறோம்.

16 வயதில் சுஜியா விருது கிடைத்தது. போர்த்துக்கலைச் சேர்ந்த செலோ கலைஞர் கில்யெர்மினா சுஜியா, தன் ஸ்ட்ராடிவேரியஸ் செலோவை விற்று அந்தக் காசில் இளம் கலைஞர்களைப் படிப்பிக்கச் சொல்லிவிட்டு இறந்தவர். அந்த உதவியால்தான் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த பாப்லோ கசால்ஸிடம் றொஹான் படிக்க முடிந்தது. 1960இல் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில், நியூயோர்க் ஃபில்ஹார்மோனிக்குடன் கச்சத்தூரியனின் செலோ கொன்சேர்ட்டோ. அப்போது வயது 21.

இந்த இடத்தில்தான் பல மேதைப் பிள்ளைகளின் கதை திசைமாறும். அதே சுஜியா விருதைச் சிறுமியாக வென்ற ஜாக்குலின் டு ப்ரேயை 28 வயதில் நோய் மேடையிலிருந்து இறக்கிவிட்டது, 42இல் மரணம். நம்ம பக்கத்துக் கதை, புல்லாங்குழல் மாலி. திருவிடைமருதூரில் 1926இல் பிறந்து, ஏழு வயதில் மயிலாப்பூரில் அரங்கேறினார். மூங்கில் குழல்தானே, அதுக்குப் பெரிய பணம் வேண்டாம். ஆனால் வளர்ந்த பிறகு கச்சேரிக்கு வருவாரா மாட்டாரா என்றே சபாக்காரர்களுக்குத் தெரியாத நிலை. பல வருடம் மேடையை விட்டு ஒதுங்கியே இருந்தார். அவர் மேதையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டத்துக்கு முன்னால் உட்கார வைத்தவர்களைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

றொஹான் வேறு மாதிரி விலகினார். தனி நட்சத்திரமாக அதே பத்துப் பழைய கொன்சேர்ட்டோக்களை ஊர் ஊராக வாசித்துக்கொண்டே இருந்திருக்கலாம். 1970களின் பிற்பகுதியில் ஆர்டிட்டி குவார்ட்டெட்டில் நாலில் ஒருவராகச் சேர்ந்தார். அவர்கள் வாசித்தது பெரும்பாலும் உயிரோடிருந்த இசையமைப்பாளர்களின் புதிய இசை. ரசிகர் குறைவு, பயிற்சியோ கொடூரம். 2005 வரை அங்கேயே இருந்தார். 1995 ஜூனில் ஆம்ஸ்டர்டாமில் ஸ்டொக்ஹவுசனின் 'ஹெலிகொப்டர்' குவார்ட்டெட் அரங்கேறியபோது நாலு பேரும் நாலு ஹெலிகொப்டரில் ஏறி வானத்தில் வாசித்தார்கள். கீழே மண்டபத்தில் இருந்தவர்கள் ஒலியும் படமுமாகப் பார்த்தார்கள். எங்களில் பாதிப்பேர் இதை விசர் வேலை என்கிறோம். மற்றப் பாதிக்கு, காற்றாடிச் சத்தத்தையும் வாத்தியமாக்கிய துணிச்சல் பிடித்திருக்கிறது.

இலங்கை அவரை 2004இல் பேராதனைப் பல்கலைக்கழகக் கௌரவக் கலாநிதிப் பட்டத்தாலும், அடுத்த வருடம் தேசமான்ய விருதாலும் கௌரவித்தது. 2024 செப்டெம்பரில், 85 வயதில் காலமானார். தமிழில் அவரைப் பற்றி வாசிக்கக் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

அவருடைய வாழ்க்கையில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் கடைசியில் வருகிறது. இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பேரியோ, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் 'சீக்குவென்சா' என்ற பெயரில் தனி இசை எழுதி வந்தார். 1958இல் புல்லாங்குழலில் தொடங்கிய வரிசை அது. பதினாலாவதை 2002இல் றொஹானுக்காகச் செலோவுக்கு எழுதினார். றொஹானுக்குக் கண்டி மேளமும் தெரியும். அந்தத் தாளத்தைப் பேரியோ செலோவுக்குள் கொண்டுவந்தார்: ஒரு கை தந்தியில் இருக்க, மற்றக் கை வில்லை விட்டு மரத்தை மேளம் போலத் தட்டுகிறது. இப்போது ஜப்பானிலோ ஜேர்மனியிலோ அந்தப் படைப்பை வாசிக்க விரும்புகிற எந்தச் செலோக்காரரும் கண்டி மேளக்காரரின் விரல்வேலையைக் கொஞ்சமாவது பழகித்தான் ஆகவேண்டும். யூடியூபில் தேடிப் போடுங்கள். முதலில் பெரஹெராவில் அடிக்கிற மேளத்தைக் கேளுங்கள், பிறகு இதை. தொடக்கத்திலேயே பிடிபடும்.