மேஃபிளவருக்கு முன்னால்: லெரோன் பென்னட்டின் வரலாற்றுப் பணி

அமெரிக்க நாட்டின் கதையைப் பாடநூல்கள் நெடுங்காலமாக ஒரு கப்பலிலிருந்தே தொடங்கி வந்தன. சமயச் சுதந்திரம் நாடி இங்கிலாந்திலிருந்து புறப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு 1620இல் அமெரிக்கக் கரையை அடைந்த மேஃபிளவர் என்னும் கப்பல் அது. அதற்கு ஓராண்டுக்கு முன்னரே, 1619இல், வர்ஜீனியாக் குடியேற்றத்தில் ஏறத்தாழ இருபது ஆப்பிரிக்கர்கள் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். மேஃபிளவரில் வந்தோர் நாட்டின் முன்னோர் என்று போற்றப்பட்டனர். அவர்களுக்கு முன் வந்த ஆப்பிரிக்கர்களோ பாடநூல்களில் உரிய இடமின்றி ஒதுக்கப்பட்டனர். இந்த ஓராண்டு இடைவெளியையே ஒரு நூலின் தலைப்பாக்கி, ஒரு சமுதாயத்திற்கு அதன் வரலாற்றைத் திருப்பித் தந்தவர் லெரோன் பென்னட். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியராக வாழ்ந்தவர் அல்லர். ஒரு மாத இதழின் ஆசிரியர்.

பென்னட் 1928ஆம் ஆண்டு அக்டோபர் 17இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் என்னும் ஊரில் பிறந்தார். நிறப்பாகுபாடு சட்டமாகவே நிலவிய மண் அது. சிறுவராக இருந்தபோதே ஜாக்சன் நகரில் கறுப்பின மக்கள் நடத்திய செய்தித்தாளுக்கு எழுதத் தொடங்கினார். அட்லாண்டா நகரின் மோர்ஹவுஸ் கல்லூரியில் பயின்று 1949இல் பட்டம் பெற்றார். மார்ட்டின் லூதர் கிங் அதே கல்லூரியில் அவர் காலத்தில் பயின்றவர். பின்னர் அட்லாண்டாவில் நாளிதழ்ப் பணி, ஜெட் வார இதழில் சிறிது காலம், 1954 முதல் சிகாகோவின் எபொனி மாத இதழ் என அவருடைய பயணம் அமைந்தது. எபொனியில் அவர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு பணியாற்றினார். முடிதிருத்தும் கடைகளிலும் எளியோர் இல்லங்களின் வரவேற்பறைகளிலும் காணப்பட்ட இதழ் அது. வரலாற்றை அங்கே கொண்டு சேர்ப்பதே தம் கடமை என அவர் கருதினார்.

அரபு நூல்கள் காத்து வைத்த செல்வம்

எபொனியில் தொடராக வெளிவந்த அவருடைய கட்டுரைகள் 1962இல் ‘மேஃபிளவருக்கு முன்னால்’ என்னும் நூலாயின. நமக்கு நெருக்கமான செய்தி அந்நூலின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. கறுப்பின மக்களின் கதையை அவர் அடிமைக் கப்பலின் அடித்தளத்திலிருந்து தொடங்கவில்லை. கானா, மாலி, சொங்காய் என்னும் மேற்கு ஆப்பிரிக்கப் பேரரசுகளையும் திம்புக்து நகரின் கல்விச் சிறப்பையும் முதலில் விவரித்தார். தம் மூதாதையருக்கு வரலாறே இல்லை என்று பள்ளியில் கற்பிக்கப்பட்ட மக்களுக்கு இது எத்தகைய செய்தியாக இருந்திருக்கும்!

இவ்வரசுகள் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி அரபு மொழியில் உள்ளது. மாலி மன்னர் மன்ஸா மூஸா ஹிஜ்ரி 724இல் (கி.பி. 1324) ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய பொன்னால் அந்நகரில் பொன்னின் விலையே வீழ்ந்ததை அல்உமரி பதிவு செய்தார். இப்னு பதூதா 1352இல் மாலிக்குச் சென்று, அங்கு நிலவிய நீதியையும் வழிப்பயணத்தின் பாதுகாப்பையும் வியந்து எழுதினார். இப்னு கல்தூன் மாலி மன்னர்களின் வரிசையைக் குறித்து வைத்தார். திம்புக்து நகரத்தவரான அஸ்ஸஅதீ 17ஆம் நூற்றாண்டில் ‘தாரீகுஸ் ஸூதான்’ என்னும் நூலை இயற்றினார். அறிஞர்களின் நூலகங்களில் காக்கப்பட்டு வந்த இச்செய்திகளின் சாரம், பென்னட்டின் எழுத்தின் வழியே சிகாகோவின் தொழிலாளர் குடும்பங்களையும் சென்றடைந்தது.

யாருடைய சாட்சியம்?

1954இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரை தாமஸ் ஜெஃபர்சனின் கறுப்பினப் பேரக்குழந்தைகளைப் பற்றியது. மூன்றாம் அதிபரான ஜெஃபர்சனுக்கும் அவருடைய அடிமைப் பெண்ணான சாலி ஹெமிங்ஸுக்கும் பிள்ளைகள் பிறந்தனர் என்பது அக்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்த செய்தி. சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873இலேயே இதை அச்சில் கூறியிருந்தார். ஆயினும் ஜெஃபர்சனின் வரலாற்றை எழுதிய பெரும் அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பென்னட்டோ அந்த வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று எழுதினார். 1998இல் நடந்த மரபணு ஆய்வு ஜெஃபர்சனின் தந்தைவழிக் குடும்பத்திற்கும் சாலியின் மற்றொரு மகனின் வழித்தோன்றலுக்கும் இடையே தொடர்பைக் காட்டியது. ஜெஃபர்சனின் இல்லத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளையும் 2000இல் அச்செய்தி உண்மையாக இருப்பதற்கே மிகுந்த வாய்ப்பு உண்டு என ஒப்புக்கொண்டது.

ஹதீஸ் கலை பயில்வோருக்கு இதில் ஒரு சிந்தனை உண்டு. மாலிக், நாஃபிஉ, இப்னு உமர் என்னும் தொடரை இமாம்கள் ‘பொற்சங்கிலி’ என்று அழைத்தனர். அதன் நடுக் கண்ணியான நாஃபிஉ விடுதலை பெற்ற அடிமை. அறிவிப்பாளரின் நேர்மையும் நினைவாற்றலுமே அங்கு எடைபோடப்பட்டன, குலம் எடைபோடப்படவில்லை. வர்ஜீனியாவின் அடிமைக் குடும்பத்தாருடைய சொல்லுக்கு அந்த நீதி கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

லிங்கன் பற்றிய வழக்கு

பென்னட்டுக்குப் பெரும் எதிர்ப்பைத் தேடித் தந்தது ஆபிரகாம் லிங்கன் பற்றிய அவருடைய ஆய்வு. 1968இல் எபொனியில் எழுதிய கட்டுரையில், லிங்கன் வெள்ளை மேலாதிக்கவாதியா என வெளிப்படையாகக் கேட்டார். அக்கேள்வியை 2000இல் ஒரு பெரும் நூலாகவே விரித்தார். அடிமை விலங்கை உடைத்தவர் என்று கறுப்பின மக்களே தம் வீடுகளில் படம் மாட்டி வணங்காக் குறையாகப் போற்றிய தலைவர் லிங்கன் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அவர் முன்வைத்த சான்றுகள் வலுவானவை. 1858 செப்டம்பரில் இலினாய் மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் நடந்த விவாதத்தில், இரு இனங்களுக்கும் சமூக, அரசியல் சமத்துவம் அளிப்பதைத் தாம் விரும்பவில்லை என லிங்கன் அறிவித்தார். 1862 ஆகஸ்டில் வெள்ளை மாளிகைக்குக் கறுப்பினத் தூதுக்குழுவை அழைத்து, அவர்கள் மத்திய அமெரிக்காவில் குடியேறலாமே என வற்புறுத்தினார். 1863 ஜனவரி 1இன் விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே உரியது. ஒன்றியத்தை விட்டு விலகாத அடிமை மாநிலங்களை அது தொடவில்லை. தப்பியோடிய அடிமைகள், போராடிய கறுப்பின வீரர்கள், அடிமை ஒழிப்பு இயக்கத்தினர் ஆகியோரே லிங்கனை அப்புகழுக்குள் தள்ளினர் என்பது பென்னட்டின் முடிவு.

ஜேம்ஸ் மெக்ஃபர்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதை முழுமையாக ஏற்கவில்லை. மனிதர் மாறக்கூடியவர், லிங்கனும் மாறினார் என்பது அவர் தரப்பினரின் வாதம். 1865இல் அடிமை முறையை முற்றாக ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற லிங்கன் பாடுபட்டார். கறுப்பின வீரர்களுக்கும் கல்வியுடையோருக்கும் வாக்குரிமை அளிக்கலாம் எனத் தம் இறுதி உரையில் கூறினார். இவ்வளர்ச்சிக்குப் பென்னட்டின் நூலில் உரிய இடமில்லை என்ற குறை நமக்கும் நியாயமாகவே படுகிறது.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பகைவரின் குறையை எழுதுவது எளிது. தம் மக்கள் நேசித்த ஒருவரைச் சான்றுகளின் முன் நிறுத்துவது அரிது. தம் வாசகர்களை இழக்கக்கூடும் என்று தெரிந்தே பென்னட் அதைச் செய்தார். 2018 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் அவர் காலமானார். அறிவிப்பாளர்களின் குறையையும் நிறையையும் ஒருசேர எடைபோட்டு நூல்கள் எழுதிய மரபின் வாரிசுகள் நாம். லிங்கனை அவர் நிறுத்திய அதே தராசில் அவரையும் நிறுத்தி நோக்குவோம். குறை தென்பட்டாலும், அவர் பக்கத் தட்டு கனமாகவே இருக்கிறது.