ஹெஸ்ஸேயின் வண்ணப்பெட்டி

ஹெர்மன் ஹெஸ்ஸே என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது திருலோக சீதாராமின் தமிழாக்கத்தில் வாசித்த ‘சித்தார்த்தன்’தான். ஆற்றின் ஒலியைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் தோணிக்காரனின் அமைதியை, அதை எழுதியவரின் இயல்பான அமைதி என்றே நாம் கொண்டுவிடுகிறோம். அவருடைய தாய்வழிப் பாட்டனார் குண்டர்ட் தலச்சேரியில் வாழ்ந்து மலையாளத்துக்கு அகராதி தொகுத்தவர் என்று அறியும்போது, கீழைத்தேச அமைதி குருதியிலேயே வந்தது போலும் என்று ஒரு கதையும் கட்டிக்கொள்கிறோம். உண்மை வேறு.

முதல் உலகப்போர் மூண்ட 1914ஆம் ஆண்டின் நவம்பரில், போர்வெறியைப் பாடவேண்டாம் என்று சக எழுத்தாளர்களை வேண்டி சூரிச் நாளிதழில் ஹெஸ்ஸே ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மானியப் பத்திரிகைகள் அவரைத் துரோகி என்று தூற்றின. அப்போது அவர் பெர்ன் நகரில் போர்க்கைதிகளுக்கு நூல்கள் அனுப்பும் பணியில் இரவுபகலாக உழைத்துக்கொண்டிருந்தார். 1916இல் தந்தை மறைந்தார். இளைய மகன் கடும் நோயில் விழுந்திருந்தான். மனைவி மியாவின் மனநிலையோ குலையத் தொடங்கியிருந்தது. ஹெஸ்ஸே நிலைகுலைந்தார். லுசர்ன் அருகே ஒரு மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை தந்தவர் யுங்கின் வழிவந்த உளப்பகுப்பு மருத்துவர் யோசப் லாங். கனவுகளைச் சொல்வதோடு நில்லாமல் அவற்றை வரைந்தும் பார்க்குமாறு அவர் தூண்டினார். நாற்பதை நெருங்கிய வயதில், முறையான ஓவியப் பயிற்சி ஏதுமின்றி, ஹெஸ்ஸே தூரிகையைக் கையில் எடுத்தார்.

1919ஆம் ஆண்டு மே மாதம் குடும்பத்தைப் பிரிந்து, தெற்கு சுவிட்சர்லாந்தின் மொண்டன்யோலா என்னும் சிற்றூருக்குத் தனியே வந்து சேர்ந்தார். கையில் பணமில்லை. வைக்கோல் தொப்பி, மடக்கு நாற்காலி, நீர்வண்ணப் பெட்டி ஆகியவற்றோடு திராட்சைத் தோட்டங்களிலும் கஷ்கொட்டைக் காடுகளிலும் அலைந்து நாள்தோறும் வரைந்தார். செந்நிறக் கூரைகள், ஏரி, மலை, மரம். அப்படங்களில் மனிதர்களை அரிதாகவே காணலாம். மனிதர்களால் அவர் பட்டது போதும் என்று தோன்றியிருக்கலாம். இது நம் ஊகமே.

நீர்வண்ணம் ஏன் அவருக்கு இசைந்தது? அந்த ஊடகத்தின் இயல்பைச் சற்று எண்ணிப்பார்ப்போம். தாளின் வெண்மையே அதில் வெளிச்சம். ஒருமுறை வைத்த நிறத்தை அழிக்க இயலாது; மேலே திருத்தத் திருத்த அது சேறாகும். ஈரம் காய்வதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். பதற்றத்தில் உழலும் மனமோ நடந்ததையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பது. அதற்கு இங்கே இடமில்லை. இதைவிட முக்கியமாக நமக்குப் படுவது ஒன்றுண்டு: எழுத்தில் அவர் புகழ்பெற்றவர், ஒவ்வொரு வரிக்கும் கணக்குச் சொல்லவேண்டியவர். ஓவியத்திலோ அவர் வெறும் கற்றுக்குட்டி. படம் மோசமாக வந்தால் யாருக்கும் நட்டமில்லை. வெளிப்படையாகச் சொன்னால், பால் க்லேயையும் ஆகஸ்ட் மாக்கேயையும் பார்த்த கண்களுக்கு ஹெஸ்ஸேயின் ஓவியங்கள் பெரிய சாதனைகளாகத் தோன்றா. அவை பெரிதாக இல்லாததே அவருக்கு மருந்தாயிற்று என்பது நம் துணிபு.

அது முழுமையாகக் குணமாக்கியதா? இல்லை. 1919இன் இறுதியில் தொடங்கிய ‘சித்தார்த்தன்’ பாதியில் நின்றுபோய் ஒன்றரை ஆண்டு கிடந்தது. 1921இல் யுங்கிடமே சென்று உளப்பகுப்புக்கு உட்பட்டார். நாவல் வெளிவந்தது 1922இல்தான். நாம் வியக்கும் அந்த ஆற்றங்கரை அமைதி, இப்படித் தடுமாறிய ஒருவர் தேடிச் சேர்த்தது. 1927இல் வந்த ‘ஸ்டெப்பன்வுல்ஃப்’ நாவலில் பழைய இருள் மீண்டும் தலைகாட்டியது. ஆனால் வரைவதை அவர் விடவில்லை. எஞ்சியிருப்பவை ஏறத்தாழ மூவாயிரம் என்பர். போர்க்கைதிகளுக்கான நிதி திரட்டவும், பிற்பாடு தம் வறுமையைப் போக்கவும், கவிதைகளைத் தம் கையால் எழுதிப் படம் தீட்டி விற்றதும் உண்டு.

1946இல் நோபல் பரிசு கிடைத்தபின் அந்தச் சிற்றூருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் வாழ வழிகேட்டு எழுதிய இளைஞர்களின் கடிதங்கள் ஏராளம். முதுமையிலும் அவர் பதில் எழுதினார். அவர் அனுப்பிய கடிதத்தாள்கள் பலவற்றின் தலைப்பில், உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு நீர்வண்ணப் படம் இருந்தது: ஒரு வீடு, ஒரு மரம், பின்னால் மலை.