அச்சு ஒரே நாளில் முறிவதில்லை

மாடம்பாக்கத்துக்காரர்களுக்கு ரயில் என்றால் தாம்பரம் ஸ்டேஷன்தான். அங்கிருந்து கடற்கரைக்கு 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தூரம் சுமார் 30 கி.மீ. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 3 மீட்டர். அப்படின்னா ஒரு டிரிப்புக்கு அச்சு 10,000 தடவை சுழலுது. பெட்டியின் பாரத்தில் லேசாக வளைந்தபடியே சுழல்வதால், அச்சின் மேற்பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபடும், ஒருமுறை அமுங்கும். நூறு டிரிப்பில் பத்து லட்சம் தடவை!

இதன் விளைவை உலகம் பார்த்தது 8 மே 1842 அன்று. வெர்சாயிலிருந்து பாரிஸ் போன ரயிலில் முன் எஞ்சினின் இரும்பு அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. பெட்டிக் கதவுகள் பூட்டியிருந்தன. 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

முறிந்த அச்சுகளின் வெட்டுமுகம் பரல் பரலாக மின்னும். அதனால், அதிர்ந்து அதிர்ந்து இரும்பு 'படிகமாகிவிடுகிறது' என்றே அன்று பலரும் நம்பினார்கள். அது உண்மைன்னா முன்கூட்டியே தேட எதுவுமே இல்லை. 1843-இல் ரேங்கின் என்ற இளம் பொறியாளர் மறுத்தார்: அச்சின் தடிமன் மாறும் மூலையில் விரிசல் தொடங்கி, மெதுவாக உள்ளே போகிறது. பரலாகத் தெரிவது கடைசி நொடியில் உடைந்த பகுதி மட்டும்.

அந்தத் தொடக்கத்தை 1903-இல் யூயிங்கும் ஹம்ஃப்ரேயும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இரும்பின் நுண்மணிகளுக்குள் மெல்லிய வழுக்குக் கோடுகள் தோன்றி, பாரம் திரும்பத் திரும்ப வர வர அகலமாகி, விரிசலாக மாறின.

எவ்வளவு வேகமாக வளரும்? 1960-களில் பால் பாரிஸ் (ஊர் இல்லை, ஆள்!) ஒரு சூத்திரம் தந்தார். விரிசல் நீள நீள அதன் நுனியில் தகைவின் தீவிரம் கூடும். எஃகில் அந்தத் தீவிரம் இரண்டு மடங்கானால், வளரும் வேகம் சுமார் எட்டு மடங்காகும். கந்துவட்டிக் கணக்குதான். ஆயுளில் பெரும்பகுதியைச் சின்ன விரிசலாகவே கழித்துவிட்டு, கடைசியில் ஒரே ஓட்டமாக ஓடிவிடும்.

ரயில் அச்சுகளை அவ்வப்போது அல்ட்ராசோனிக் கருவியால் சோதிப்பது இதனால்தான். கருவிக்குத் தெரியும் அளவிலிருந்து முறியும் அளவுக்கு விரிசல் வளர எத்தனை நாள் ஆகுமோ, அதைவிட நல்ல குறைவான இடைவெளியில் அடுத்த சோதனை வந்துவிட வேண்டும். சோதனையைத் தள்ளிப்போட்டால், நாம் சாப்பிடுவது அந்த மெதுவான நாட்களைத்தான்.