எண் ஒன்று, பொருள் இரண்டு: அந்தமான் தீவுகளும் உறுப்பு 243உம்

அமெரிக்க அரசியலமைப்பில் திருத்தங்கள் மூலத்தின் இறுதியில் தனித்தனியே சேர்க்கப்படுகின்றன. இந்திய அரசியலமைப்பிலோ அவை மூலத்தினுள்ளேயே கலந்துவிடுகின்றன. நீக்கப்பட்ட உறுப்பின் எண் பின்னர் வேறொரு பொருளுக்கு வழங்கப்படுதலும் உண்டு. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1950இல் இத்தீவுகள் முதலாம் இணைப்புப் பட்டியலின் ‘டி’ பகுதியில் தனித்து இடம்பெற்றன. அவற்றின் ஆட்சிமுறையை ஒன்பதாம் பகுதியின் ஒரே உறுப்பான 243 வகுத்தது. அதன்படி குடியரசுத்தலைவர் சட்ட வலிமையுள்ள ஒழுங்குமுறைகளைப் பிறப்பிக்கலாம். 1956ஆம் ஆண்டுப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை இவ்வதிகாரத்தால் பிறந்ததே. அவ்வாண்டு நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த ஏழாம் திருத்தம், ஒன்பதாம் பகுதியை நீக்கித் தீவுகளை ஒன்றிய ஆட்சிப்பகுதியாக்கியது; அதிகாரம் உறுப்பு 240க்குப் பெயர்ந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம், வெற்றிடமாயிருந்த அதே பகுதியில், அதே எண்ணில் ஊராட்சிகளை அமைத்தது.

ஆகவே தென் அந்தமானின் வண்டூர் போன்ற சிற்றூர்களுக்கு இன்று அவ்வெண் ஊராட்சியைக் குறிக்கும். அப்பொருளை 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் முகப்பிலுள்ள எண்ணுக்கு ஏற்றும் மொழிபெயர்ப்பாளர், பழங்குடியினரைக் காக்கும் சட்டத்தின் அதிகார மூலத்தையே திரித்துவிடுவார். எண்ணோடு அஃது எழுதப்பட்ட ஆண்டையும் குறித்தல் இன்றியமையாதது.